பழைய லேப்டாப்பும் புது வைஃபையும்

புதிதாக ஃபைபர் இணைப்பு கொடுக்க வருகிற ஆள் சுவரில் ஒரு பெட்டியை மாட்டி, வீட்டில் இருக்கிற எல்லார் செல்போனிலும் பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். போன்கள் பறக்கும். சாயங்காலம் அலமாரியிலிருந்து பழைய லேப்டாப்பை எடுத்துத் திறந்தால்தான் சிக்கல் தெரியும். பக்கத்து வீட்டு வைஃபை பெயர் வரும், மாடி வீட்டுக்காரர் பெயர் வரும், நம் வீட்டுப் பெயர் மட்டும் வராது. அல்லது வரும்; பாஸ்வேர்டையும் வாங்கிக்கொள்ளும்; கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு இணைக்க முடியவில்லை என்று கையை விரித்துவிடும். கடையில் கேட்டால் "லேப்டாப் பழசாயிடுச்சு சார், புதுசு பாத்துக்கங்க" என்பார்கள். பெரும்பாலும் அதற்கு அவசியமே இருக்காது.

பழைய லேப்டாப் என்று இங்கே நான் சொல்வது ஏறக்குறைய 2008 முதல் 2016 வரை வந்தவற்றை. தமிழ்நாட்டு வீடுகளில் இந்த வயதுள்ளவை ஏராளம். 2011 முதல் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பெனிகள் கழித்துவிட்ட டெல் லாட்டிட்யூடும் லெனோவோ திங்க்பேடும் சென்னை ரிச்சி தெரு வழியாக செகண்ட் ஹேண்டாகப் பல ஊர்களுக்கும் போகின்றன. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஊருக்கு வரும்போது கொடுத்துவிட்டுப் போனதும் உண்டு. டைப் அடிக்க, பில் போட, பிள்ளைகள் பாடம் பார்க்க இவை இன்றைக்கும் போதும். வைஃபை ஒன்றுதான் தகராறு.

இந்தத் தகராறில் பலரும் லேப்டாப்பையே போட்டுக் குடைகிறார்கள். என் யோசனை வேறு: பழைய லேப்டாப்பைப் புது ரவுட்டருக்கு ஏற்ப உயர்த்தப் பார்ப்பதைவிட, புது ரவுட்டரைக் கொஞ்சம் இறங்கி வரச் சொல்வது சுலபம், காசும் ஆகாது. புது ரவுட்டருக்குப் பழைய முறைகள் எல்லாம் தெரியும். பழைய கார்டுக்குத்தான் புது முறைகள் தெரியாது. அதனால் கார்டுக்கு எதுவரை தெரியும் என்று பார்ப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கார்டின் பெயரைப் படியுங்கள்

வைஃபை ஓடும் அலைவரிசைகளில் நம் வீடுகளில் புழங்குபவை இரண்டு: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். முதலாவது சுவரைத் தாண்டித் தூரம் போகும். வேகம் குறைவு, நெரிசலும் அதிகம். இரண்டாவது வேகமானது; இரண்டு சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். அக்காலத்து மலிவு விலை லேப்டாப்களில் இருந்த கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ரவுட்டர் 5இல் மட்டும் ஒலிபரப்பினால் அந்த லேப்டாப்புக்கு அப்படி ஒரு ரவுட்டர் இருப்பதே தெரியாது. நம் வீட்டுப் பெயர் மட்டும் வராததற்கு முதல் காரணம் இதுதான்.

இதோடு தலைமுறைக் கணக்கு ஒன்று உண்டு. 802.11 என்ற எண்ணுக்குப் பின்னால் வரும் ஆங்கில எழுத்து அதைச் சொல்லும். 1999இல் பி, 2003இல் ஜி, 2009இல் என், 2013இல் ஏசி, அதற்குப் பிறகு ஏஎக்ஸ். இந்த எழுத்துக்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் 2018இல் வைஃபை அலையன்ஸ் அமைப்பு எளிய எண்களைக் கொடுத்தது: என் என்பது வைஃபை 4, ஏசி என்பது 5, ஏஎக்ஸ் என்பது 6. நாம் பேசுகிற லேப்டாப்கள் பெரும்பாலும் 4. கடைசி வருடங்களில் வந்த சில 5.

விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனின் மேல் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற வரியை விரித்தால் கார்டின் பெயர் இருக்கும். பெயரிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். "ஏஜிஎன்", "டூயல் பேண்ட்", "ஏசி" என்று ஏதாவது இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் தெரியும். "பிஜிஎன்" என்றிருந்தால் 2.4 மட்டும். இன்டெல்லின் சென்ட்ரினோ அட்வான்ஸ்டு-என் 6205க்கு இரண்டும் தெரியும். அதே காலத்து வயர்லெஸ்-என் 1000க்கு ஒன்றுதான். மலிவு மாடல்களில் நிறையப் புழங்கிய ஏத்தரோஸ் ஏஆர்9285 என்ற கார்டும் 2.4 மட்டும் அறிந்தது. பெயரை வைத்து முடிவுக்கு வர முடியாவிட்டால் அதே இடத்தில் பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு என்று போய், வயர்லெஸ் மோட் என்ற வரியில் என்னென்ன எழுத்துக்கள் இருக்கின்றன என்று பாருங்கள்.

அந்தப் பட்டியலில் வைஃபை கார்டே இல்லை என்றால் டிரைவரைத் தேட ஓடாதீர்கள். முதலில் சுவிட்சைப் பாருங்கள்.

அந்தக் காலத்து லேப்டாப்களில் வைஃபைக்கென்று தனியாக நிஜமான சுவிட்சு ஒன்று இருக்கும். திங்க்பேட் டி400, எக்ஸ்200 போன்றவற்றில் முன்விளிம்பின் அடியில், நகத்தால் தள்ளுகிற அளவில் ஒரு சின்னத் தள்ளுவிசை. இயக்கத்தில் இருந்தால் பச்சைப் புள்ளி தெரியும். டெல் லாட்டிட்யூட் இ6400இல் வலப்பக்கம். பைக்குள் வைத்து எடுக்கும்போது அது தானாக நகர்ந்துவிடும். யாரும் கவனிக்க மாட்டார்கள். பல எச்பி மாடல்களில் இது கீபோர்டு வரிசையிலோ அதற்கு மேலோ இருக்கும், ஆன்டெனா படம் போட்ட பட்டன். விளக்கு ஆரஞ்சாக எரிந்தால் அணைந்திருக்கிறது, நீலமானால் ஓடுகிறது. மற்றவற்றில் எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்த வேண்டிய ஒரு விசை. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஆர்எஃப்கில் என்ற கட்டளையைப் போட்டால், மென்பொருள் தடுத்திருக்கிறதா, சுவிட்சு தடுத்திருக்கிறதா என்று தனித்தனியாகக் காட்டிவிடும். சுவிட்சு தடுத்திருந்தால் எந்த மென்பொருளாலும் அதைத் திறக்க முடியாது. கையால்தான் தள்ள வேண்டும்.

டிரைவர் இல்லாமல் டிரைவர் எடுப்பது

விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகு வைஃபை வராமல் போவது வழக்கம். டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க ஆண்ட்ராய்டு போன் போதும். சார்ஜர் கேபிளால் போனை லேப்டாப்பில் செருகி, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் இருக்கும் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டுவிட்டால், விண்டோஸும் லினக்ஸும் அதை ஒரு நெட்வொர்க் கேபிளைப் போலவே எடுத்துக்கொள்ளும். போன் அப்போது வீட்டு வைஃபையில் இருந்தால் மொபைல் டேட்டா கூடச் செலவாகாது. கேபிள் மட்டும் டேட்டா போகிற கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவு கேபிள்களில் இது நடக்காது.

டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து எடுங்கள். "எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் போடுகிறோம்" என்று வருகிற மென்பொருள்கள் கூடவே என்னென்னவோ கொண்டுவந்து இறக்கும். ஒரேயொரு விதிவிலக்கு இன்டெல் கார்டு: அதற்கு லேப்டாப் கம்பெனி வைத்திருக்கும் டிரைவர் மிகப் பழையதாக இருக்கும், இன்டெல் தளத்தில் இருப்பதே மேல். இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. இன்டெல்லின் 7260, 3160 போன்ற கார்டுகள் பழைய டிரைவரோடு ஓடினால் வைஃபை 6 ரவுட்டரின் பெயரையே காட்டாது. கார்டில் குறையில்லை, ரவுட்டர் அனுப்பும் அறிவிப்பில் இருக்கும் புதுப் பகுதி அந்த டிரைவருக்குப் புரியாமல், பெயரையே ஒதுக்கிவிடுகிறது. டிரைவரை மாற்றினால் பெயர் வந்துவிடும். புது ரவுட்டர் மாட்டிய அன்றே லேப்டாப் கெட்டுப்போனதாக நினைத்தவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

லினக்ஸில் இன்டெல், ஏத்தரோஸ் கார்டுகள் பெரும்பாலும் கேள்வி கேட்காமல் ஓடும். பிராட்காம் கார்டு என்றால் ஃபர்ம்வேரையோ அந்தக் கம்பெனியின் டிரைவரையோ தனியாக இறக்க வேண்டியிருக்கும். அதற்கும் போன் கேபிள்தான் வழி. ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ என்ற கார்டு வந்த சில எச்பி லேப்டாப்களில் ஒரு வேடிக்கை உண்டு. கார்டில் ஆன்டெனாவுக்கு இரண்டு வாய், கம்பெனி மாட்டியதோ ஒன்றே ஒன்று. டிரைவர் காலியாக இருக்கும் வாயில் கேட்டுக்கொண்டிருக்கும். ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஒரே ஒரு கோடுதான் சிக்னல் காட்டும். எந்த ஆன்டெனா என்று டிரைவருக்கு ஒரு வரியில் சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

டிரைவரைப் போட்ட கையோடு இன்னொன்று செய்துவிடுங்கள். டிவைஸ் மேனேஜரில் அதே கார்டின் பிராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் பக்கம் போய், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைத்துக்கொள்ளலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். கொஞ்ச நேரம் விட்டால் இணைப்பு அறுந்துபோகிறது, மூடித் திறந்தால் வைஃபை வருவதில்லை என்கிற புகார்களில் கணிசமானவை இதோடு தீரும்.

ரவுட்டரை இறங்கி வரச் சொல்லுதல்

இனி ரவுட்டர். அதன் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் ஒரு முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஜியோ பெட்டி என்றால் 192.168.29.1. போனில் பிரவுசரைத் திறந்து அதை அடித்து, ஸ்டிக்கரில் உள்ள பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் உள்ளே போகலாம். சில நிறுவனங்கள் இதை ஆப் வழியாகவும் கொடுக்கின்றன. உள்ளே எதையும் மாற்றும் முன் அந்தந்தப் பக்கத்தைப் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய ரவுட்டர்கள் 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்து, எந்தக் கருவியை எதில் சேர்ப்பது என்று தாமே முடிவு செய்கின்றன. போனுக்கு இது வசதி. பழைய லேப்டாப்புக்கு இதுவே தொல்லை. 5க்குத் தள்ளப் பார்த்துத் தள்ள முடியாமல் இணைப்பை அறுத்துக்கொண்டே இருக்கும் ரவுட்டர்கள் உண்டு. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். 2.4க்கு வைக்கும் பெயரில் எண்ணைச் சேர்த்துக்கொண்டால் பின்னால் குழப்பம் வராது.

அடுத்தது பாதுகாப்பு முறை. புதுப் பெட்டிகள் டபிள்யூபிஏ3 என்ற 2018இல் வந்த முறையோடு வருகின்றன, அல்லது 2உம் 3உம் கலந்த முறையோடு. விண்டோஸ் 7க்கு டபிள்யூபிஏ3 தெரியாது; விண்டோஸ் 10இலும் 2019இல் வந்த 1903 பதிப்பிலிருந்துதான் தெரியும், அதுவும் டிரைவர் ஒத்துழைத்தால். கலந்த முறை எல்லாவற்றோடும் ஓட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நடைமுறையில் சில பழைய கார்டுகள் அதில் பாஸ்வேர்டு வரை வந்து முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். 2.4 பெயருக்கு மட்டும் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றிவிடுங்கள். அது இன்றைக்கும் வீட்டுக்குப் போதுமான பாதுகாப்பு, பாஸ்வேர்டு நீளமாக இருந்தால்.

ஆனால் அதற்கும் கீழே இறங்கக் கூடாது. டபிள்யூஇபி என்ற ஆதி முறை 2001லேயே உடைபட்டது. இன்று அது பூட்டே இல்லாத கதவு. டிகேஐபி என்ற சொல்லைப் பார்த்தாலும் ஒதுங்கிவிடுங்கள். அதில் பாதுகாப்புக் குறைவு என்பதோடு வேகமும் போய்விடும்: வைஃபை 4 விதிப்படி டிகேஐபியில் அதன் முழு வேகத்தில் ஓடக் கூடாது, அதனால் 54 எம்பிபிஎஸ் என்ற பழைய ஜி வேகத்துக்கு இறங்கிவிடும். "லேப்டாப் 54ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்.

வீட்டில் புது டிவி, போன்களுக்காக ரவுட்டரைத் தொட மனமில்லை என்றால் கெஸ்ட் நெட்வொர்க் என்ற வசதியைப் பாருங்கள். விருந்தாளிகளுக்காக வைத்த தனிப் பெயர் அது. பல ரவுட்டர்களில் அதை 2.4இல் மட்டும், டபிள்யூபிஏ2வோடு வைத்துக்கொள்ள முடியும். பழைய லேப்டாப்பை அதில் சேர்த்துவிட்டால் மற்றவற்றுக்கு ஒரு மாற்றமும் இல்லை. பழைய மென்பொருளோடு ஓடும் கருவி வீட்டின் மற்ற கருவிகளிலிருந்து தள்ளியே இருக்கும் என்பதும் நல்லதுதான். ஒரே சங்கடம், வீட்டு பிரிண்டர் அதன் கண்ணில் படாது.

சேனலையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். 2.4இல் இந்தியாவில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. அமெரிக்காவில் 11 வரைதான். அமெரிக்காவில் வாங்கிய லேப்டாப்பின் கார்டு பல நேரம் 11க்கு மேல் எட்டிப் பார்க்காது. ரவுட்டர் தானியங்கி முறையில் இருந்து ஒரு நாள் 12க்கோ 13க்கோ தாவினால், அன்றைக்கு அந்த லேப்டாப்பில் மட்டும் வைஃபை காணாமல் போகும். மறுநாள் ரவுட்டரை அணைத்துப் போட்டால் திரும்ப வரும். பேய் விளையாட்டு போலத் தோன்றும் இதற்கு மருந்து, சேனலை 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றில் நிலையாக வைப்பது. ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் அந்த மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் 2.4இன் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வைப்பதும் நல்லது. 40 வைத்தால் காகிதத்தில் வேகம் கூடும், நெரிசலில் இணைப்புதான் தடுமாறும்.

இணைந்தது, இணையம் இல்லை

வைஃபை இணைந்துவிட்டது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்ற நிலை தனி. இங்கே முதலில் பார்க்க வேண்டியது திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும் தேதியை.

பழைய லேப்டாப்பின் உள்ளே கடிகாரத்துக்கென்று ரூபாய் நாணயம் அளவில் ஒரு செல் இருக்கிறது, பெரும்பாலும் சிஆர்2032. பத்து வருடத்தில் அது தீர்ந்துவிடும். மெயின் பேட்டரியும் செத்துப்போன லேப்டாப் என்றால், சார்ஜரைப் பிடுங்கியதும் கடிகாரம் தயாரான வருடத்துக்கே திரும்பிவிடும். மறுநாள் போட்டால் திரையில் 2009 ஜனவரி 1. பாதுகாப்பான தளங்கள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட தேதிக்குள் செல்லும் சான்றிதழ் வைத்திருக்கின்றன. 2009இல் இருக்கும் லேப்டாப்புக்கு அவை எல்லாம் இன்னும் பிறக்காத சான்றிதழ்கள். "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று எல்லாத் தளத்துக்கும் சிவப்பு எச்சரிக்கை வரும். வைஃபை மேல் ஒரு குற்றமும் இல்லை. தேதியைச் சரிசெய்தால் அந்த நிமிஷமே தளங்கள் திறக்கும். செல்லை மாற்றினால் நிரந்தரத் தீர்வு. சில மாடல்களில் அதே செல் ஒயரும் சின்ன பிளக்கும் சேர்த்துச் சுற்றி வரும். வெறும் செல்லை வாங்கி வந்து விழிக்காமல், கழற்றிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

தேதி சரி என்றால் ஐபி முகவரியைப் பாருங்கள். வைஃபையின் பிராப்பர்ட்டீஸில் அது இருக்கும். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை, லேப்டாப் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ரவுட்டரையும் லேப்டாப்பையும் ஒரு முறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். கம்பெனியிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் வேறு மாதிரி: பழைய ஆபீஸின் நிலையான ஐபியோ, டிஎன்எஸ்ஸோ, பிராக்ஸியோ அப்படியே உள்ளே இருக்கும். இல்லாத ஆபீஸின் வாசலில் போய் அது நின்றுகொண்டிருக்கும். செட்டிங்ஸில் பிராக்ஸி பக்கத்தைத் திறந்து எல்லாவற்றையும் அணைத்து, ஐபியையும் டிஎன்எஸ்ஸையும் தானியங்கிக்கு மாற்றிவிடுங்கள். செகண்ட் ஹேண்ட் வாங்கினால் விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவதே நல்லது என்பது என் கட்சி.

பழைய பாஸ்வேர்டுகளையும் ஒரு கை பார்க்கலாம். பத்து வருடம் ஊர் சுற்றிய லேப்டாப்பில் லாட்ஜ், ரயில் நிலையம், காபிக்கடை என்று சேர்த்துவைத்த வைஃபை பெயர்கள் நீளமாக இருக்கும். பாஸ்வேர்டு இல்லாத பெயர் ஏதாவது தானாக இணையும்படி இருந்தால், அதே பெயரில் யார் ஒலிபரப்பினாலும் லேப்டாப் நம்பிப் போய்விடும். வீட்டுப் பெயரை விட்டுவிட்டு மற்றவற்றை மறந்துவிடச் சொல்லுங்கள்.

எவ்வளவு வேகம் எதிர்பார்க்கலாம்

100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறேன், லேப்டாப்பில் 40தான் வருகிறது என்று சேவை மையத்தோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. ஒரே ஆன்டெனாவோடு வைஃபை 4 கார்டு 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அதிகபட்சம் 72 எம்பிபிஎஸ்ஸில் பேசும். அதில் உண்மையான டேட்டாவுக்குக் கிடைப்பது பாதியை ஒட்டி. அந்த 40 என்பது கார்டின் முழு உழைப்பு. வீடியோ பார்க்க, பாடம் கேட்க இதில் கால்வாசி போதும் என்பதால் இதற்காகத் தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அதற்கும் வெகுவாகக் கீழே போனால் ரவுட்டர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். டிவிக்குப் பின்னால், பரண் மேல், இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் சிக்னல் அங்கேயே முடங்கிவிடும். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் 2.4லேயே ஓடுகின்றன. நீல நிற யூஎஸ்பி 3 துளையில் செருகிய ஹார்டு டிஸ்க் கூட அந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும்.

லேப்டாப்பின் ஆன்டெனா எங்கே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பெரும்பாலும் திரையின் விளிம்பில். கார்டிலிருந்து மெல்லிய ஒயர்கள் கீல் வழியாக ஏறி அங்கே போகின்றன. ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடிய கீலில் அந்த ஒயர் நைந்துவிடும். சிக்னல் கோடுகளைப் பார்த்துக்கொண்டே மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் நான்கு கோடு, இன்னொரு கோணத்தில் ஒன்று என்று ஆடினால் ஒயர்தான். அதற்கு எந்த செட்டிங்ஸும் உதவாது.

காசு செலவழிப்பதென்றால்

கார்டை மாற்றலாம். 2013 வாக்கிலோ அதற்கு முன்போ வந்தவை மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற வடிவம், பிறகு வந்தவை எம்.2, ஒன்று மற்றதில் பொருந்தாது. அடிமூடியைக் கழற்றி ஒரு ஸ்க்ரூவை எடுத்தால் கார்டு கையில் வந்துவிடும். ஆன்டெனா ஒயர்களைப் பிடுங்கும் முன் எது எங்கே என்று போட்டோ எடுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காமல் தலையை நகத்தால் நெம்புங்கள். ஆனால் வாங்கும் முன் ஒரு எச்சரிக்கை. பழைய திங்க்பேட், எச்பி மாடல்கள் பலவற்றின் பயாஸில் அனுமதித்த கார்டுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் இல்லாததை மாட்டினால் லேப்டாப் ஆன் ஆகாமலே நின்றுவிடும். திங்க்பேட் 1802 என்ற பிழை எண்ணையும் எச்பி 104 என்ற எண்ணையும் காட்டும். வாங்கியவர் தன் லேப்டாப்பில் தனக்கு வேண்டிய கார்டைப் போட முடியாது என்பது அநியாயம்தான், என்றாலும் அதுதான் நிலை.

அதனால் நான் பெரும்பாலும் சொல்வது யூஎஸ்பி டாங்கிள். சில நூறு ரூபாயில் கிடைக்கும் நகம் அளவு டாங்கிள்கள் அநேகமாக 2.4 மட்டும், உள்ளிருக்கும் கார்டு செத்திருந்தால் அது போதும். 5 வேண்டுமென்றால் அட்டையில் ஏசி600 என்றோ டூயல் பேண்ட் என்றோ பார்த்து வாங்குங்கள். அதில் 600 என்பது 150ஐயும் 433ஐயும் கூட்டி முழுசாக்கிய விளம்பரக் கணக்கு. இரண்டும் சேர்ந்து ஓடாது. டிரைவர் சின்ன சிடியில் வரும், உங்கள் சிடி டிரைவ் வேலை செய்யாது. மறுபடி போன் கேபிள்தான். லினக்ஸ்காரர்கள் 6.2க்குப் பிந்தைய கெர்னல் வைத்திருந்தால் ரியல்டெக் ஏசி டாங்கிள்கள் பலவற்றுக்குத் தனியாக டிரைவர் தேட வேண்டாம்.

வீட்டில் இணைப்பே இல்லாமல் போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்களுக்கும் இதே விதிகள்தான். புது போன்கள் ஹாட்ஸ்பாட்டை 5இல் விடுகின்றன. ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 2.4க்கு மாற்றி, பாதுகாப்பை டபிள்யூபிஏ2 ஆக்குங்கள். ஐபோன் 12 முதல் மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி என்று ஒரு பட்டன் இருக்கிறது, அது செய்வதும் இதையே. பிறகு லேப்டாப்பில் அந்த வைஃபையை மீட்டர்டு கனெக்‌ஷன் என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் ஒரு மணி நேரத்தில் அன்றைய டேட்டாவைத் தின்றுவிடும்.

விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை 2020 ஜனவரி 14இல் நிறுத்தியது, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இல். வைஃபையைச் சரிசெய்துவிட்டதாலேயே விண்டோஸ் 7இல் நெட் பேங்கிங் பார்க்கலாம் என்று ஆகிவிடாது. அந்த வேலையைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். 4 ஜிபி ராம் இருந்தால் ஓடும்.

கடைசியாக, இவ்வளவும் செய்வதற்கு முன் ஒரு கேள்வி: உங்கள் லேப்டாப்பின் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது? பத்து நிமிஷம்கூட நிற்காது என்றால் அது எப்போதும் சார்ஜரோடு ஒரே மேஜையில்தான் இருக்கப்போகிறது. நகராத லேப்டாப்புக்கு வைஃபை எதற்கு? நாம் பேசுகிற லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் நெட்வொர்க் கேபிள் துளை இருக்கும். பத்து மீட்டர் கேட்6 கேபிள் ஒன்றை வாங்கி, சுவரோரமாகக் கிளிப் அடித்து ரவுட்டரிலிருந்து மேஜை வரை இழுத்துவிட்டால் சேனலும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை, டபிள்யூபிஏ எதுவும் இல்லை. துளை பழைய ஃபாஸ்ட் ஈதர்நெட்டாக இருந்தாலும் 100 எம்பிபிஎஸ் பிளான் ஏறக்குறைய முழுசாக வந்து சேரும்.